டிரசர் காலம் முதல் இன்று வரை: தோட்டத்துப் பிள்ளைகளும் மருத்துவக் கல்வியும்

கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று வட சிலாங்கூரில் எங்கே கேட்டாலும் தமிழ்ப் பெற்றோரின் ஆசைகளில் முதலில் வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: “பிள்ளை டாக்டருக்குப் படிக்க வேண்டும்”. அந்த ஆசைக்குப் பின்னால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. தோட்டத்தில் நோய் கண்டவர்களை யார் பார்த்தார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி இருந்தது, அந்தப் படிப்பு யாருக்குக் கிடைத்தது என்பதே அந்த வரலாறு.

இன்று உலகெங்கும் மருத்துவக் கல்வியில் இரண்டு கேள்விகள் விவாதிக்கப்படுகின்றன. மருத்துவப் படிப்புக்குள் நுழையும் வாய்ப்பு எல்லாத் தரப்பினருக்கும் நேர்மையாகக் கிடைக்கிறதா என்பது முதல் கேள்வி. படித்து வெளிவரும் மருத்துவருக்கு நோயாளியைப் பார்க்கும் திறன் உண்மையிலேயே கைவந்திருக்கிறதா என்பது இரண்டாவது. முதலாவது சமவாய்ப்பு, இரண்டாவது திறன் அடிப்படையிலான பயிற்சி. இரண்டுமே நம் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல.

தோட்ட மருத்துவமனையும் டிரசரும்

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட அரசாங்க மருத்துவராக வந்து சேர்ந்தார். அப்போது கிள்ளான் நகரிலும், அதே ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா மக்களை வாட்டியது. நோயைக் கொசு பரப்புகிறது என்பது அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் நிறுவப்பட்டிருந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார். குடியிருப்பைச் சுற்றிய காட்டை அழிக்கச் செய்தார். காய்ச்சல் குறைந்தது. பிறகு கிள்ளானைச் சுற்றிய கரையோர ரப்பர் தோட்டங்களுக்கும் அந்த முறை பரவியது.

அந்தக் காலத் தோட்ட வாழ்க்கை எவ்வளவு கொடுமையானது என்பதற்கு இறப்புக் கணக்கே சாட்சி. 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே ஆண்டில் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

அரசாங்கத்தின் நெருக்குதலால் தோட்டங்களில் மருத்துவமனைகள் எழுந்தன. பட்டம் பெற்ற மருத்துவர் வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் சில நாளோ வந்து பார்த்துச் செல்வார். மற்ற நாள்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, பிரசவம் எல்லாவற்றுக்கும் நின்றவர் டிரசர்தான். நம் பாட்டிமார் “டிரசர் ஐயா” என்று அழைத்தவர் அவரே. நோயாளியின் மொழியும் குடும்பமும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆனால் அவருடைய படிப்பு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது.

அந்த வேறுபாட்டை ஒழுங்குபடுத்தவே தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1965-இல் இயற்றப்பட்டது. பதிவு பெறாதவர் தோட்ட மருத்துவமனையில் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்பதே அதன் அடிப்படை. நோயாளியைத் தொடும் முன் ஒருவர் தகுதியைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அப்போதே சட்டமாகிவிட்டது.

மலாயாவுக்கென ஒரு மருத்துவப் பள்ளி

மலாயாவில் பிறந்த பிள்ளைகளுக்கு நீண்ட காலம் சிங்கப்பூரே மருத்துவக் கல்வியின் வாசல். 1905-இல் அங்கு தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளி பின்னர் மன்னர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி ஆனது. 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. வசதி உள்ளவர்கள் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் எட்டாத தூரம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கோலாலம்பூரிலேயே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று முடிவானபோது, அதை உருவாக்கும் பொறுப்பு டாக்டர் டி.ஜே. தனராஜிடம் வந்தது. சிங்கப்பூரில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். வெப்பநாடுகளில் மூச்சுத்திணறலை உண்டாக்கும் ‘இயோசினோபில்’ நுரையீரல் நோய்க்கும் யானைக்கால் புழுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் தொடக்க முதல்வராக அவர் பொறுப்பேற்றார். 1964-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். 1969-இல் முதல் பட்டதாரிகள் வெளிவந்தனர். பந்தாய் பள்ளத்தாக்கில் எழுந்த பல்கலைக்கழக மருத்துவமனை அவர்களுக்குப் பயிற்சிக்களமானது.

தனராஜ் கண்டிப்புக்குப் பெயர் போனவர். கட்டடமும் பாடத்திட்டமும் ஆசிரியர் குழுவும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டியிருந்த காலத்தில், தரத்தில் தளர்வு காட்ட அவர் மறுத்தார். சுதந்திர நாடு உருவாக்கும் மருத்துவர் எந்த நாட்டு மருத்துவருக்கும் குறைந்தவராக இருக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். மலேசிய மருத்துவக் கல்வியின் வளர்ச்சியையும் சிக்கல்களையும் பற்றி அவர் பிற்காலத்தில் ஒரு நூலும் எழுதினார்.

தெருமுனை கிளினிக்கையும் உயர்த்திய ராஜகுமார்

மற்றொரு பெயர் டாக்டர் எம்.கே. ராஜகுமார். 1932-இல் பிறந்தவர். சிங்கப்பூரில் மருத்துவம் படித்த காலத்தில் 1954-இல் ‘பஜார்’ மாணவர் இதழ் வழக்கில் தேசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்ட எட்டு மாணவர்களில் ஒருவர். தொழிலாளர் கட்சியில் முன்னணித் தலைவராக இருந்து 1966-இல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். அரசியலுக்குப் பிறகு கோலாலம்பூரில் சாதாரண மக்களுக்கான பொது மருத்துவராகவே வாழ்ந்தார். 2008-இல் காலமானார்.

அவர் காலத்தில் நிபுணருக்குத்தான் மதிப்பு. கிளினிக் நடத்தும் பொது மருத்துவர் மேற்கொண்டு படிக்க வழியில்லாமல் நின்றவராகப் பார்க்கப்பட்டார். ராஜகுமார் இதை ஏற்கவில்லை. ஏழை முதலில் போவது தெருமுனை கிளினிக்குக்கு. அங்கே இருப்பவர் திறமையற்றவராக இருந்தால் பாதிக்கப்படுவது ஏழைதான் என்று அவர் கண்டார். 1973-இல் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி உருவாக அவர் உழைத்தார். பொது மருத்துவத்துக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்வு என்ற நிலை வந்தது. 1980களில் ஆஸ்திரேலியப் பொது மருத்துவர் கல்லூரியுடன் கூட்டுத் தேர்வும் நடந்தது. அந்தக் கல்லூரியே இன்றைய மலேசியக் குடும்ப மருத்துவர் கழகம். 1986 முதல் 1989 வரை உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான வொன்காவின் தலைவராகவும் அவர் இருந்தார். ஆசிய பசிபிக் வட்டாரத்து இளம் குடும்ப மருத்துவர்களின் இயக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தனராஜ் பல்கலைக்கழகத்திலிருந்து தரத்தைக் கட்டினார். ராஜகுமார் கிளினிக்கிலிருந்து தரத்தைக் கேட்டார். சமவாய்ப்பும் திறனும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இவ்விருவர் வாழ்க்கையும் சான்று.

‘திறன் அடிப்படை’ என்றால் என்ன?

பால்மரம் சீவப் பழகியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். புதிதாகச் சீவ வருபவர் எத்தனை நாள் பயிற்சிக்கு வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. மரத்தில் காயம் படாமல், தேவையான ஆழத்தில், சரியான சாய்வில் பட்டையை வெட்டத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். தெரிந்தால் நிரை கொடுப்பார்கள். தெரியாவிட்டால் இன்னும் பழகச் சொல்வார்கள்.

பழைய மருத்துவக் கல்வி நாள்கணக்கில் நடந்தது. ஐந்து ஆண்டுப் படிப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு மருத்துவமனையில் குறிப்பிட்ட மாதங்கள். காலம் முடிந்தால் தகுதி வந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. இந்தக் கணக்கு போதாது என்ற கருத்து 1978-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆவணத்தில் தெளிவாக வைக்கப்பட்டது: ஒரு நாட்டு மக்களுக்கு என்ன நோய், என்ன தேவை என்று முதலில் பார், அதற்கு மருத்துவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று பட்டியலிடு, பிறகு அதிலிருந்து பாடத்திட்டத்தை எழுது.

கனடா 1996-இல் ஒரு மருத்துவருக்கு ஏழு பாத்திரங்களை வகுத்தது. மருத்துவ அறிவு அவற்றில் நடுநாயகம். நோயாளியிடம் பேசுதல், மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தல், நோயாளிக்காக வாதாடுதல் முதலியவை மற்றவை. அமெரிக்கா 1999-இல் ஆறு திறன்களை வகுத்தது. 2005-இல் நெதர்லாந்தின் ஒல்லே டென் காட்டே ஒரு நடைமுறைக் கேள்வியை முன்வைத்தார்: “இந்த வேலையை இவரிடம், மேற்பார்வை இல்லாமல், நம்பி ஒப்படைக்கலாமா?” இரவு மூன்று மணிக்கு மூச்சுத்திணறலோடு வரும் குழந்தையை முதலில் பார்ப்பது, ரத்தம் ஏற்றுவது, மரணச் செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்வது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இந்தக் கேள்வி கேட்கப்படும்.

மலேசியாவில் நடப்பது

இங்கே பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் மருத்துவமனையில் ஹவுஸ்மேன் பயிற்சியை முடித்தால்தான் முழுப் பதிவு பெற முடியும். ஓராண்டாக இருந்த இந்தப் பயிற்சி 2008 முதல் இரண்டு ஆண்டானது. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை, எலும்பு, மகப்பேறு, அவசரப் பிரிவு போன்ற ஆறு பிரிவுகளில் தலா நான்கு மாதம். ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சிக் குறிப்பேட்டில் செய்த வேலைகள் பதியப்பட வேண்டும். திறன் போதாதவருக்கு அந்தப் பிரிவிலேயே காலம் நீட்டிக்கப்படும். நாள்கணக்கும் திறன்கணக்கும் இங்கே கலந்து நிற்கின்றன.

மாணவப் பருவத்திலேயே இந்த மாற்றத்துக்கு வழி காட்டியது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1979-இல் பினாங்கில் தொடங்கி, பின்னர் கிளந்தானின் குபாங் கெரியானுக்கு மாறிய அதன் மருத்துவப் பள்ளி, நோயாளியின் பிரச்சினையை மையமாக வைத்துப் பாடம் நடத்துவதையும் மாணவரைச் சமூகத்துக்குள் அனுப்புவதையும் தொடக்கம் முதலே கொள்கையாகக் கொண்டது.

ஆனால் பயிற்சியின் தரம் இடத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. 2000களில் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆனபோது, 2011-இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஒரு வார்டில் ஹவுஸ்மேன்கள் கூடிவிட்டால் ஒவ்வொருவர் கைக்கும் வரும் நோயாளிகள் குறைவு. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்படுகின்றனர். நிரந்தர வேலையும் நிபுணத்துவப் பயிற்சியும் கேட்டு ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலை 26-இல் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வாசல் யாருக்குத் திறக்கிறது?

பொதுப் பல்கலைக்கழக மருத்துவப் படிப்புக்கு இரண்டு பெரிய வழிகள்: மெட்ரிகுலேசன், எஸ்டிபிஎம். பூமிபுத்ரா மாணவர்களுக்கென இருந்த மெட்ரிகுலேசன் 2003 முதல் பத்து விழுக்காடு அளவில் மற்ற இனத்தவருக்கும் திறக்கப்பட்டது. இந்திய மாணவர்களுக்குத் தனியாக 1,500 இடங்கள் என்ற அறிவிப்பும், பின்னர் 2018-இல் அது 2,200 ஆக உயர்ந்ததும் சமூகத்தில் பெரிதும் பேசப்பட்டன. எஸ்பிஎம் தேர்வில் பத்து ஏ-யும் அதற்கு மேலும் பெறும் எல்லா மாணவர்களுக்கும் இனப் பேதமின்றி மெட்ரிகுலேசன் இடம் உண்டு என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2024-இல் அறிவித்தார்.

தோட்டத்துப் பிள்ளையின் சிக்கல் இதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. அறிவியல் ஆய்வுக்கூடம் நன்றாக இயங்கும் இடைநிலைப்பள்ளி எவ்வளவு தூரம், டியூசனுக்கு வண்டி உண்டா, வீட்டில் படிக்க இடம் உண்டா என்பவையே பத்து ஏ-யைத் தீர்மானிக்கின்றன. இந்த இடைவெளியை உணர்ந்துதான் மஇகாவின் கல்விக்கரமான எம்ஐஇடி, கெடா மாநிலத்தில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை 2001-இல் நிறுவியது. அங்கு மருத்துவம் படித்து வந்த இந்திய மாணவர்கள் பலர். இருந்தாலும் தனியார் மருத்துவப் படிப்பின் செலவு பல லட்சம் வெள்ளி என்பதால், உதவி இல்லாத தோட்டக் குடும்பத்துக்கு அது சுமைதான்.

கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குள்ளேயே இன்று ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. புஞ்சாக் ஆலத்தில் உள்ள யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் அல்-சுல்தான் அப்துல்லா மருத்துவமனை அது. நோயாளிகளாக எல்லா இனத்தவரும் அங்கே போகிறார்கள். யுஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். 2024-இல் இதயம், மார்பு அறுவை நிபுணர்கள் நாட்டில் போதவில்லை என்ற நிலையில், யுஐடிஎம் நடத்தும் அந்த நிபுணத்துவப் பயிற்சியை மற்ற இன மருத்துவர்களுக்கும் தற்காலிகமாகத் திறக்கலாம் என்ற யோசனையை மலேசிய மருத்துவச் சங்கம் முன்வைத்தது. அதற்கு அப்பல்கலைக்கழக மாணவர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது; நாடு தழுவிய விவாதம் நடந்தது.

அதே காலத்தில் இன்னொரு வழக்கும் முன்னால் நின்றது. உள்நாட்டு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்று, எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரியின் தேர்வில் தேறியவர்களை நிபுணர்களாகப் பதிய மலேசிய மருத்துவ மன்றம் மறுத்திருந்தது. இதைத் தீர்க்க மருத்துவச் சட்டத் திருத்த மசோதா 2024 ஜூலையில் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. ஒருவர் எந்த வழியில் பயின்றார் என்பது முக்கியமா, என்ன செய்யத் தெரிந்திருக்கிறது என்பது முக்கியமா என்ற கேள்வியே அங்கும் அடிநாதம்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

தமிழ்நாட்டில் நீட் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பின், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் எம்பிபிஎஸ் படிப்பில் சேர்ந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில், 2019-இல், இந்தியா முழுவதும் திறன் அடிப்படையிலான எம்பிபிஎஸ் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி இன்று கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே திருச்சபைகளின் ஆதரவில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தேவைப்படும் ஊர்களின் மருத்துவமனைகளில் சில காலம் பணி செய்ய ஒப்புக்கொண்டே சேர்கிறார்கள். வாய்ப்பையும் கடமையையும் ஒன்றாகக் கட்டிய முறை அது.

சீர்திருத்தம் தவறான இடத்திலும் போய் முடியலாம். அமெரிக்காவில் 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியது. ஆனால் அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து, அதன் விளைவாக மூடப்பட்டன. தரத்தின் பெயரில் ஒரு சமூகத்துக்கு வாசல் அடைபட்டதன் பாதிப்பை அந்நாடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.

கிராமப்புறத்தில் வளர்ந்தவர்களே படித்த பின் கிராமப்புறத்துக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களைச் சேர்க்கும் வகையில் விதிகளை அமைக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. வட சிலாங்கூரைப் பொறுத்தவரை அது தோட்டத்துப் பிள்ளையையும் குறிக்கும்.

நம் வட்டாரத்துக்கு ஏன் இது முக்கியம்?

செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, தோட்ட மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று இங்குள்ளவர்கள் அரசாங்க கிளினிக்குகளையும், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், கோல குபு பாரு, சுங்கை பூலோ, கிள்ளான் மருத்துவமனைகளையுமே நம்பியிருக்கிறார்கள். டிரசர் போனதோடு, நோயாளியின் மொழியில் பேசுபவர் பக்கத்திலேயே இருந்த நிலையும் போயிற்று.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது முப்பது விழுக்காட்டைத் தாண்டியது. நீரிழிவுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பதோடு மருத்துவரின் வேலை முடியாது. விடியற்காலையில் வெறும் வரக்காப்பியோடு வேலைக்குப் போகிறவருக்கு எந்த நேரத்தில் மருந்து, சோற்றை எப்படிக் குறைப்பது, காலில் புண் வந்தால் ஏன் உடனே வர வேண்டும் என்று புரியும்படி சொல்லத் தெரிய வேண்டும். கனடா வகுத்த பாத்திரங்களில் ‘பேசத் தெரிதல்’ இடம்பெற்றதற்குக் காரணம் இதுதான். தமிழ் மருத்துவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை; எல்லா மருத்துவரும் கற்க வேண்டிய திறன் அது. ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்ந்து வந்த ஒருவர் மருத்துவக் குழுவில் இருந்தால் மற்றவர்களும் அவரிடமிருந்து கற்பார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவை இருக்க வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் பின்னர் மருத்துவத்தின் கதவு அடைபடலாம்.

எஸ்பிஎம் முடிந்ததும் மெட்ரிகுலேசனுக்கும் ஆறாம் படிவத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேசன் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டியதில்லை. எஸ்டிபிஎம் கடினமானது, ஆனால் செலவு குறைந்தது, எல்லாருக்கும் திறந்தது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் யுபியு வழியாகச் செல்கிறது. கடைசி நாளைத் தவற விடக்கூடாது. மருத்துவத்துக்கு மதிப்பெண்ணோடு நேர்காணலும் உண்டு.

தனியார் கல்லூரியோ வெளிநாட்டுக் கல்லூரியோ, பணம் கட்டும் முன் அதன் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரிக்கிறதா, பிள்ளையின் தேர்ச்சி மன்றம் விதித்த குறைந்தபட்சத் தகுதியை எட்டுகிறதா என்று மன்றத்தின் பட்டியலிலேயே பார்க்க வேண்டும். முகவர் சொல்வதை மட்டும் நம்பி நிலத்தையோ வீட்டையோ அடகு வைப்பது ஆபத்து.

பட்டத்துக்குப் பின் வரும் காத்திருப்பு, ஒப்பந்த வேலை, நிபுணத்துவப் போட்டி எல்லாவற்றையும் பிள்ளையோடு முன்கூட்டியே பேச வேண்டும். மருத்துவ உதவியாளர், தாதி, மருந்தாளர், பல் மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகிய பணிகளும் இதே நோயாளிகளுக்குத்தான் உதவுகின்றன.

வாட்சன் வந்த காலத்தில் தோட்டத் தமிழர் மருத்துவக் கணக்கேட்டில் இறப்பு எண்ணிக்கையாக மட்டுமே இருந்தனர். பிறகு டிரசராக மருந்து கட்டினர். தனராஜ் போன்றோர் மருத்துவப் பள்ளியையே கட்டினர். பெஸ்தாரி ஜெயாவில் இன்று நான்காம் படிவத்துப் பாடம் தேர்ந்தெடுக்க உட்காரும் பிள்ளை அந்த வரிசையில் அடுத்து நிற்கிறது. அதற்குச் சரியான நேரத்தில் சரியான தகவல் கிடைக்கச் செய்வது பெற்றோர், ஆசிரியர், ஆலய நிர்வாகம், இளைஞர் மன்றம் ஆகிய எல்லாருடைய பொறுப்பு.